மூன்று முறை துடைத்த கன்னம்

அக்கா, நீங்கள் கேட்டது ஒரே ஒரு வரி. அந்த வெந்நீர் ஊற்று விடுதிக்குக் கைக்குழந்தையோடு போகலாமா? போகலாம் என்றோ வேண்டாம் என்றோ நானும் ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். போகலாம் என்று எழுதினேன், அழித்தேன். வேண்டாம் என்று எழுதினேன், அதையும் அழித்தேன். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

அக்கா என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் நகோயாவில் ஒரே ஆபீஸ் என்பதைத் தவிர உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என்னைவிடச் சின்னவராகக்கூட இருக்கலாம். என்ன செய்ய, பயந்தால் எனக்கு எல்லாரும் அக்காதான். பிரசவத்தின்போது இருபது வயது நர்ஸைக்கூட அக்கா, அக்கா என்று தமிழில்தான் கத்தினேனாம். அந்தப் பெண்ணும் "ஹாய், ஹாய்", ஆமாம், ஆமாம் என்று ஜப்பானியில் பதில் சொன்னாளாம்.

முதலில் ஒன்று. நான் சந்தேகப் பிராணி இல்லை. கோவில்பட்டியில் பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தவள். கண்ணேறு, செய்வினை, தாயத்து எல்லாம் அறியாமை என்று சிஸ்டர் பெனிட்டா நன்னெறி வகுப்பில் சொன்னதை இன்றைக்கும் நம்புகிறவள். பிள்ளை கன்னத்தில் தினமும் மையால் ஒரு பொட்டு வைக்கிறேன் என்றால் அது என் அம்மாவுக்காக. வீடியோவில் முகம் தெரிந்ததுமே அம்மா கேட்கிற முதல் கேள்வி, "மை வச்சியாட்டி?" என்பதுதான். வைக்காவிட்டால் அழுவாள். வெளியூர் போகிற அன்று உள்ளங்காலிலும் ஒன்று வைப்பேன். அதுவும் அவளுக்காகத்தான்.

என் மகள் நறுமுகை எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே பிறந்துவிட்டாள். ஏழு வாரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பெட்டியின் ஓட்டை வழியாக ஒரு விரலை நீட்டி நான் அவளைத் தொடலாம். அவ்வளவுதான். அந்த ஏழு வாரமும் என் பிள்ளையைத் தூக்கினவர்கள் எல்லாம் மற்றவர்கள். வீட்டுக்கு வந்தபிறகு நான் யாரிடமும் கொடுக்கவில்லை. இவரிடம் கொடுப்பேன், நான் பக்கத்தில் நின்றால். விடுதிக்குப் போனபோது அவளுக்கு ஒன்பது மாதம். ஒன்பது மாதமாக எனக்குக் கோழித் தூக்கம்தான். மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும் இல்லையா? நீங்களும் பார்ப்பீர்கள்தானே? எல்லா அம்மாவும் பார்ப்பார்கள்.

இவர் இதை ஒரு வியாதி மாதிரிப் பேசுகிறார். மாதம் ஒருமுறை பிள்ளையை எடை பார்க்க வருகிற நகராட்சி நர்ஸம்மாவும் இவரும் வாசலில் நின்று ஜப்பானியில் குசுகுசுவென்று பேசினார்கள். அடுத்த வாரமே இவர் விடுதியைப் பதிவு பண்ணிவிட்டு வந்து நிற்கிறார்.

"ஏட்டி செண்பா, மலை, வெந்நீர் ஊத்து, ரூமுக்கே சாப்பாடு. ஒரு நாளைக்கு நீ ஒரு துரும்ப எடுத்து அங்கிட்டுப் போட வேண்டாம்."

"நர்ஸம்மா என்ன சொன்னாங்க?"

"பிள்ளை எடை நல்லா இருக்குன்னாங்க."

எடை நல்லா இருக்கு என்று சொல்ல இருபது நிமிஷமா ஆகும், அக்கா? அப்போதே எனக்குத் தெரியும், இது என்னைக் கூட்டிக்கொண்டு போய் எதற்கோ பழக்குகிற ஏற்பாடு என்று.

நவம்பர் கடைசி. ரயிலில் இரண்டரை மணி நேரம், பிறகு மலைமேல் சின்ன பஸ். பஸ் ஓட்டினவன் ஒரு தடியன், சீட்டு கொள்ளாமல் உட்கார்ந்திருந்தான். இறங்கும்போது பிள்ளையைப் பார்த்து ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து ஆட்டினான். வண்டி நின்றுதான் இருந்தது. இருந்தாலும்.

விடுதி முழுக்க மரம். உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் தரையில் குழி வெட்டி அடுப்பு, கரி கனன்றுகொண்டிருக்கிறது, மேலே கூரையிலிருந்து சங்கிலியில் இரும்புக் கெண்டி தொங்குகிறது. செருப்பை, ஷூவை எல்லாம் வாசலில் கழற்றச் சொன்னார்கள். அது சரி, நம் வீட்டிலும் கழற்றுவோம். ஆனால் நம் வீட்டில் விட்ட இடத்தில் கிடக்கும். இங்கே நான் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒருத்தர் எங்கள் ஷூவை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார்.

"ஷூ எங்க?"

"உள்ள எடுத்து வைப்பாங்க. கிளம்பும்போது தருவாங்க. இங்க அப்படித்தான்."

நாங்கள் கிளம்புகிற நேரத்தை அவர்கள் எதற்கு முடிவு பண்ண வேண்டும்? மனதில் குறித்துக்கொண்டேன்.

இந்த மாதிரி விடுதிகளில் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெண் உண்டு. தேநீர் கொண்டுவருவது, சாப்பாடு பரிமாறுவது, படுக்கை விரிப்பது எல்லாம் அந்தப் பெண்தான். எங்கள் அறைக்கு வந்தவர் பெயர் ஹத்சுயே. அறுபது வயது இருக்கும். சாம்பல் நிறக் கிமோனோ, கொண்டையில் ஒரு முடி பிசிறவில்லை. கதவை நகர்த்தி, வாசலிலேயே மண்டியிட்டு, குனிந்து வணங்கி, நிமிர்ந்ததும் அவர் பார்த்தது என்னையும் இல்லை, இவரையும் இல்லை. பிள்ளையை. கண்ணை எடுக்காமல் பார்த்தார். "கவாயீ" என்று ஒரு பெருமூச்சு. அழகு என்று அர்த்தம், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு தடவை சொன்னால் மரியாதை. நான் எண்ணினேன், ஆறு தடவை.

கதவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரச்சட்டத்தில் வெள்ளைத்தாள் ஒட்டினதுதான் கதவு. என் மகள் விரலால் ஒரு குத்துக் குத்தினால் ஓட்டை விழும்.

தட்டில் தேநீர், ஒரு பயற்று இனிப்பு, வெந்நீரில் நனைத்துச் சுருட்டின துண்டுகள். எங்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, மூன்றாவதை விரித்து, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, ஹத்சுயே என் மகள் கையைத் துடைத்தார். அதற்கு நான் சும்மாதான் இருந்தேன். அடுத்து கன்னத்தைப் பார்த்தார். "அரா" என்றார், அடடா என்பதுபோல. ஒரே துடைப்பு. பொட்டுப் போய்விட்டது.

அறியாமைதான், தெரியும். ஆனாலும் ஆறு தடவை அழகு என்று சொல்லிவிட்டு, அடுத்து அந்தப் பொட்டை எடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? காவல்காரனை அனுப்பிவிட்டுத்தானே கதவைத் திறப்பார்கள்?

அவர் போனதும் மை டப்பாவை எடுத்து மறுபடி வைத்தேன்.

"அழுக்குன்னு நினைச்சிருப்பாங்க ட்டி" என்று இவர் சிரித்தார்.

"அழுக்கு இவ்ளோ வட்டமாவா இருக்கும்?"

"நீ வைக்கிறது எங்க வட்டமா இருக்கு?"

அரை மணி நேரம் கழித்து ஹத்சுயே திரும்ப வந்தார். சாப்பாடு ஆறு மணிக்கு, தனிக் குளியலறை ஐந்து மணிக்கு எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறது என்று சொன்னதாக இவர் சொன்னார். சொல்லிக்கொண்டே வந்தவர் பிள்ளை முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். முகம் மாறியது, அக்கா. நான் பார்த்தேன். இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார், துடைத்தார், என் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்பதுபோல மூன்று முறை குனிந்தார். தப்புச் செய்யாதவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்? எழுந்து போகும்போது விரலால் மேஜையின் அடியைத் தடவி, விரலைப் பார்த்துக்கொண்டார். சன்னல் சட்டத்தைத் தடவி அதையும் பார்த்துக்கொண்டார். எதையோ தேடுகிறார்.

அதன்பிறகு நடந்ததைக் கேளுங்கள். பத்து நிமிஷத்தில் கூடத்தில் ஒரே சலசலப்பு. தாள்கதவை ஒரு விரற்கடை நகர்த்திப் பார்த்தேன். அந்தக் குழி அடுப்பைச் சுற்றி ஹத்சுயேயும் இன்னும் இரண்டு பெண்களும். சாம்பலை வாருகிறார்கள். கெண்டியை இறக்கித் தேய்க்கிறார்கள். ஒரு ஆள் ஏணி போட்டு உத்தரத்தைத் துடைக்கிறார். ஹத்சுயே அந்த ஆளைத் தாழ்ந்த குரலில் திட்டுகிறார், எங்கள் அறையைக் கை காட்டிக் காட்டி. பிறகு இரண்டு பேர் எங்கள் அறைக்கே வந்தார்கள். பாய்த்தரையை, மேஜைக் காலை, மூலை முடுக்கை எல்லாம் துடைத்தார்கள். பிள்ளை தவழ்கிற இடத்தில் ஒரு வெள்ளைத்துணியை விரித்துவிட்டுப் போனார்கள். வெள்ளைத்துணி, அக்கா! வேறு நிறமே கிடைக்கவில்லையா?

விருந்தாளி வந்தபிறகா ஒரு விடுதியில் ஒட்டடை அடிப்பார்கள்? எதையோ மறைக்கிறார்கள். இவரிடம் சொன்னேன். "சுத்தமான ஊரு ட்டி, இங்க இப்படித்தான்" என்றார். எதைக் கேட்டாலும் இவருக்கு இங்க இப்படித்தான், இங்க அப்படித்தான். இவருக்குச் சம்பளம் கொடுக்கிற ஊர், இவர் வேறு என்ன சொல்வார்.

நான் மூன்றாம் தடவை பொட்டு வைத்தேன். கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன். ஹத்சுயே உடுத்திக்கொள்ளப் பருத்தி அங்கி கொண்டுவந்தபோது பிள்ளை என் தோளில் இருந்தாள். அந்தம்மா பின்பக்கமாக வந்து, என் தோளிலேயே வைத்துத் துடைத்துவிட்டார். துடைத்துவிட்டுத் தன் கழுத்தருகே கையை விசிறிபோல ஆட்டி ஏதோ சொன்னார். பிள்ளையின் கம்பளிக் குல்லாவைத் தொட்டுக் காட்டி மறுபடியும் விசிறினார். பிள்ளைக்கு உள்பனியன், ஸ்வெட்டர், அதன்மேல் என் அம்மா பின்னின இன்னொரு ஸ்வெட்டர், குல்லா. நவம்பர் மாதம், மலை ஊர், இதற்குக் குறைந்து எப்படிப் போடுவது? ஹீட்டர் ஓடுகிறதுதான், ஹீட்டரை எவ்வளவு நம்புவது? அவளுக்கு நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது, பயத்தில். பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஐந்து மணி ஆயிற்று. "நீ போய்க் குளிச்சிட்டு வா. பிள்ளைய நான் வச்சிருக்கேன்" என்றார் இவர்.

"கையில வச்சிருக்கணும்."

"கையிலதான்."

"அந்தம்மா வந்தா?"

"வந்தா சொல்லுதேன், எம்பொண்டாட்டி வெளிய போயிருக்கா, யாரும் பிள்ளையப் பாக்கக்கூடாதுன்னு."

கிண்டல். போனேன். குளியலறை சின்னது, மரத்தொட்டி, ஆவி, அழுகின முட்டை வாடை. தொட்டியில் இறங்குவதற்கு முன்னால் வெளியே குட்டை முக்காலியில் உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும், சுவரில் படம் போட்டு எழுதியிருந்தது. நான் அந்த முக்காலியோடு சரி. வாளியில் மொண்டு நாலு செம்பு ஊற்றிக்கொண்டேன். ஐந்தாவது செம்புக்கு எங்கேயோ பிள்ளை அழுவதுபோல இருந்தது. மாதா ஜெபத்தைப் பாதி சொல்லி, மீதியை முருகனிடம் முடித்தேன். தலை சொட்டச் சொட்ட, அங்கியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். நான் போய்த் திரும்பினது பதினொரு நிமிஷம்.

கதவை நகர்த்தினால், அது எங்கள் அறையே இல்லை. மேஜை இல்லை. நாற்காலிகள் இல்லை. தரையில் வெள்ளைப் படுக்கைகள் விரித்திருக்கின்றன. நடுவில் ஹத்சுயே மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் என் பிள்ளை. குல்லா இல்லை, மேல் ஸ்வெட்டர் இல்லை. என் வீட்டுக்காரர் எதிரே சம்மணம் போட்டுக்கொண்டு, கையில் போனை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

பிள்ளை நெற்றியில் கறுப்பாகக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு. பெருக்கல் குறி.

எங்கள் கான்வென்டில் கணக்குத் தப்பானால் அந்தக் குறிதான். சிஸ்டர் நோட்டை நீட்டும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான், பக்கம் கொள்ளாமல், சிவப்புப் பென்சிலில். என் பிள்ளை நெற்றியில் தப்பு போட்டிருக்கிறாள் ஒருத்தி.

அக்கா, இதை யாரிடமும் சொன்னதில்லை. இவரிடம்கூட. நறுமுகை பிறப்பதற்கு முதல் நாள் நான் ஸ்டூலில் ஏறித் திரைச்சீலை கழற்றினேன். துவைக்கலாம் என்று. யாரும் ஏறச் சொல்லவில்லை, ஏறாதே என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஏறினேன். மறுநாள் வலி வந்துவிட்டது. டாக்டர் வேறு ஏதோ காரணம் சொன்னார், ஜப்பானியில் நீளமாக. நான் கேட்டுக்கொண்டேன். தப்பு எங்கே என்று எனக்குத் தெரியும். அதை எப்படி இந்தப் பெண்பிள்ளை கண்டுபிடித்து, என் நெற்றியில் போட வேண்டியதைப் பிள்ளை நெற்றியில் போட்டாள்?

பிடுங்கினேன். பிள்ளையை அவர் மடியிலிருந்து பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பையிலிருந்து ஈரத்தாளை உருவி நெற்றியைத் தேய்த்தேன். கரி, சுலபத்தில் போகவில்லை. தோல் சிவந்துவிட்டது. அந்த விடுதிக்கு வந்ததிலிருந்து ஒருதரம்கூட அழாத பிள்ளை அப்போது வீறிட்டு அழுதாள்.

"ஏட்டி! நிறுத்துட்டி! அது நம்ம பொட்டுதான்ட்டி!"

"நம்ம பொட்டா? இதுவா?"

இவர் சொன்னது இது. நான் குளிக்கப் போனதும் அந்தம்மா படுக்கை விரிக்க வந்தாராம். வந்து, இவரிடம் மன்னிப்புக் கேட்டாராம். எங்கள் கூடத்து அடுப்புக் கரி உங்கள் பிள்ளை மேல் படிந்துகொண்டே இருக்கிறது, எவ்வளவு துடைத்தும் போகவில்லை, வேறு அறை தரட்டுமா என்று. இவர் சிரித்துவிட்டு, அது கரி இல்லை, என் மனைவி வைப்பது, பிள்ளைக்குக் காவல் என்று, தெரியாத சொல்லைப் போனில் மொழிபெயர்த்துக் காட்டினாராம். அந்தம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாராம். மூன்று முறை காவலைத் துடைத்துவிட்டேனே என்று. உடனே கூடத்துக்கு ஓடி, அடுப்பிலிருந்து ஒரு விரல் கரி எடுத்துவந்து, தங்கள் ஊர்ப்பக்கம் கைக்குழந்தைக்குப் போடுகிற மாதிரி நெற்றியில் போட்டாராம்.

நல்ல கதை. ஆனால் மை டப்பா கண் எதிரே என் பைமேல் இருந்ததே, அதை எடுத்து வைக்கத் தெரியாதா? கேட்டேன். "அது உன்னுது, கேக்காம தொடக்கூடாதுன்னு தொடலையாம்" என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்.

ஹத்சுயே நெற்றி பாயில் படக் குனிந்துகிடந்தார். எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

"அவங்ககிட்டக் கேளுங்க, பிள்ளை இருக்கான்னு." எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பிள்ளையில்லாத வீட்டு ஏக்கம் அந்தப் பார்வையில் இருந்தது.

இவர் கேட்டார். அந்தம்மா நிமிர்ந்து நான்கு விரலைக் காட்டினார்.

"நாலு பையன்களாம். நாலும் தடியன்களாம். மூணாவது ஆளு நம்மளக் கூட்டிட்டு வந்தானே, அந்த பஸ் டிரைவர்."

"அவனா?"

"அவன் ஏழாம் மாசத்துலயே பொறந்துட்டானாம். அப்போ மலைப்பாதை பனியில மூடிக் கிடந்து, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லையாம். பழத்தட்டுல பஞ்சு வச்சு, சுத்திலும் வெந்நீர்ப் பாட்டில் வச்சுக் காப்பாத்தினாங்களாம். அவனுக்கும் தினம் இந்தக் கோடு போடுவாங்களாம். இப்போ தொண்ணூறு கிலோங்காங்க."

தொண்ணூறு கிலோ. யார் போய் எடை போட்டுப் பார்த்தது? எனக்கு உறைத்தது வேறு. "நம்ம பிள்ளை முன்னாடியே பொறந்ததை நீங்க சொன்னீங்களா?"

இவர் தலையைச் சொறிந்தார். "நான் சொல்லல. பாத்ததுமே தெரிஞ்சிருச்சாம். நீ பிள்ளையத் தூக்குற விதத்துல."

நான் தூக்குகிற விதத்தில் என்ன? நீங்களே சொல்லுங்கள், பிள்ளையை எல்லாரும் ஒரே மாதிரிதானே தூக்குவார்கள்?

உடனே கிளம்புகிறோம் என்றேன். ஷூவைக் கேளுங்கள் என்றேன். கடைசி பஸ் ஐந்து பத்துக்கே போய்விட்டது. அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். ஷூவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சரி, விடிகிறவரை கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று முடிவு பண்ணினேன். ஒன்பது மாதமாகச் செய்வதுதானே.

சாப்பாடு வந்தது. எங்களுக்காகச் சொல்லிச் செய்த சைவம், கிண்ணம் கிண்ணமாகப் பதினான்கு கிண்ணம். நான் தொடவில்லை. கொஞ்சம் கழித்து, இவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தபிறகு பதினான்கையும் சாப்பிட்டேன். கடைசியில் ஹத்சுயே ஒரு தேநீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எனக்குத்தான் முதலில். வறுத்த வாசனை. குடித்தேன். அங்கேதான் நான் ஏமாந்தது.

பிள்ளை பக்கத்தில் முதுகை மட்டும் நேராக்கலாம் என்று சாய்ந்தேன். அப்போது மணி ஏழு. பார்த்துவிட்டுத்தான் சாய்ந்தேன்.

கண் விழித்தால் தாள்கதவு முழுக்க வெயில். மணி ஏழு. முதலில் ஒரு நிமிஷம்தான் ஆயிற்று என்று நினைத்தேன். பிறகுதான் வெயில் உறைத்தது. பன்னிரண்டு மணி நேரம், அக்கா. பன்னிரண்டு. ஒன்பது மாதத்தில் ஒரு நாள்கூட இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்காதவள். அந்தத் தேநீரில் எதையோ கலந்திருக்கிறார்கள். இதை யார் என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இவரும் அதே கெண்டியில் குடித்தேன் என்கிறார். இவர் எதைக் குடித்தாலும் தூங்குகிறவர்.

பக்கத்தில் கை வைத்தேன். பிள்ளை இல்லை.

எப்படி எழுந்தேன், எப்படிக் கதவைத் திறந்தேன் என்று தெரியாது. தாளில் ஒரு பெரிய கிழிசல் விழுந்ததாகப் பிற்பாடு சொன்னார்கள். வெறுங்காலோடு நடையில் ஓடினேன். "முகை! முகை!" யாரோ ஒரு கிழவர் சுவரோரம் ஒதுங்கி எனக்கு வழிவிட்டு வணக்கமும் வைத்தார்.

கூடத்தில் காலைச் சாப்பாட்டுத் தட்டுகளை ஹத்சுயே அடுக்கிக்கொண்டிருந்தார். முதுகில், அகலமான ஒரு துணியால் குறுக்காகக் கட்டி, என் மகள். அந்தம்மா குனிந்தால் இவளும் குனிகிறாள், நிமிர்ந்தால் இவளும் நிமிர்கிறாள், ஒவ்வொரு குனிவுக்கும் ஒரு சிரிப்பு. எச்சில் அந்தக் கிமோனோத் தோளில் ஒழுகுகிறது. ஒரு ஸ்வெட்டர்தான் போட்டிருந்தாள். கன்னத்தில் பொட்டு, என் மையால்தான். அளவு தெரியவில்லை பாவம், அஞ்சு ரூபாய்க் காசு அகலத்துக்கு அப்பியிருந்தது. இவர் அடுப்போரம் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார்.

"அஞ்சு மணிக்கே முழிச்சிட்டா. உன்னை எழுப்ப மனசு வரல. மை வைக்கலாமான்னு எங்கிட்டக் கேட்டுத்தான் வச்சாங்க" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

நான் போய்ப் பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்தேன். மூச்சு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு மூச்சு வராமல் எப்படி இருக்கும், அது எனக்கும் தெரியும். ஹத்சுயே நகராமல் நின்றார், நான் பார்த்து முடிக்கிறவரை. பிறகு அவரே திரும்பி, முதுகிலிருந்த பிள்ளையின் மூக்கடியில் தன் விரலையும் வைத்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கேலி பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை.

அப்புறம் நடையின் கோடியில் இருந்த குளியலறையைக் கை காட்டினார். போ, என்கிறார்.

"காலைல நாற்பது நிமிஷம் நமக்குத்தானாம். யாருமில்லையாம்" என்றார் இவர்.

பிள்ளையை இறக்கித் தாருங்கள் என்று கேட்கத்தான் நான் வாயெடுத்தேன். "ஏங்க, ஸ்வெட்டர் இன்னொண்ணு போட்டு விடச் சொல்லுங்க" என்று வந்தது. ஹத்சுயே கழுத்தருகே கையை விசிறிக் காட்டினார். சரி, வேண்டாம் என்றேன்.

இந்தத் தடவை தொட்டிக்குள் இறங்கினேன். கழுத்துவரை. தண்ணீர் கொஞ்சம் பால் கலந்ததுபோல இருந்தது, என் காலே எனக்குத் தெரியவில்லை. நடையில் தட்டுகள் மோதுகிற சத்தம். நடுநடுவே நறுமுகையின் சிரிப்பு. "நாருச்சான், நாருச்சான்" என்று அந்தம்மா குரல். என் மகளின் முழுப்பெயர் வாயில் நுழையாமல் பாதியை வைத்துக்கொண்டு கொஞ்சுகிறார். எத்தனை பேர் கன்னத்தைக் கிள்ளுகிறார்களோ. இப்போது எழுந்திருக்கிறேன் என்று நினைத்தேன். சிரிப்புச் சத்தம் நடையின் அந்தக் கோடிக்குப் போயிற்று. இப்போது எழுந்திருக்கிறேன் என்று நினைத்தேன். சத்தம் நின்றுவிட்டது. கொஞ்சநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை, அக்கா. ஸ்டூலில் ஏறியது ஞாபகம் வந்து அழுதேன். முகத்தை அந்தத் தண்ணீரிலேயே கழுவிக்கொண்டு, மறுபடியும் கழுத்துவரை அமிழ்ந்து உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷமும். அந்தத் தண்ணீரிலும் ஏதோ இருக்கிறது.

ஆகவே நீங்கள் கேட்டதற்குப் பதில். ஷூவை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ராத்திரித் தேநீரை மோந்து பார்த்துவிட்டுக் குடியுங்கள். மையை நீங்களே வைத்துக் காட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் உத்தரம்வரை துடைப்பார்கள். நான் அந்தம்மாவை இன்னும் முழுசாக நம்பவில்லை. அதனால்தான் மார்ச் இரண்டாம் வாரத்துக்கு இவர் மறுபடி அதே அறையைப் பதிவு பண்ணியபோது நான் தடுக்கவில்லை. இரண்டு நாளாவது பக்கத்திலிருந்து பார்த்தால்தானே ஒரு ஆளின் குணம் தெரியும்?

நீங்கள் தாராளமாகப் போய்வாருங்கள் அக்கா. பிப்ரவரியில் போங்கள், ஏப்ரலில் போங்கள். மார்ச் இரண்டாம் வாரம் மட்டும் வேண்டாம். அந்தம்மாவுக்கு இருப்பது ஒரு முதுகுதான்.